வெற்றுப் பாத்தியில் விரித்த புல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், உன் அப்பாவின் இருமல் எங்கள் இருவரையும் விட நலம். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இப்படித் திட்டி எழுதத் துணிகிறேன்.

கண்டுக்காம விடும்மா, வெறும் மண்ணுதானே என்று நீ போனில் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆய்வுப் பண்ணையில் என் வேலை என்னவென்று இன்னொரு தடவை சொல்கிறேன், கேட்டுக்கொள். மூன்று பாத்தி, ஒன்றில் புல், ஒன்றில் பயறு, ஒன்றில் எதுவுமே இல்லை. பருவத்துக்கு ஒரு முறை மண் எடுத்து, தண்ணீரில் கரைத்து, தட்டில் ஊற்றி, அதில் வளரும் பாக்டீரியாப் புள்ளிகளை எண்ண வேண்டும். மழையில் மூன்று பாத்தியும் பொங்கும். கோடையில்தான் குட்டு வெளிப்படும். செடி மூடிய மண்ணில் அந்தக் கூட்டம் ஓரளவு தாக்குப்பிடிக்கும், எங்கள் வெற்று மண்ணில் பாதிகூட மிஞ்சாது, மிஞ்சுவதும் வேறு வகை. அதைப் பார்க்கத்தான் ஆறு வருடமாகத் திங்கட்கிழமைதோறும் முட்டி வலிக்கக் குந்தி உட்கார்ந்து, அந்தப் பாத்தியில் தலைகாட்டிய களையை எல்லாம் கையால் பிடுங்கினேன்.

போன மாதம் நான் காய்ச்சலில் எட்டு நாள் படுத்திருந்தபோது, யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று புது இயக்குநர் அந்த வெற்றுப் பாத்தியில் புல்தரையை வாங்கி வந்து பாய் மாதிரி விரித்துவிட்டார். மொட்டையாக அசிங்கமாக இருக்கிறதாம்! கேட்டால், அதனால என்னம்மா, உரிச்சுப் போட்டா பழைய மண்ணுதானே என்கிறார். வேரோடு வந்து இறங்கிய உயிரையும், எட்டு நாள் ஊற்றிய தண்ணீரையும் எப்படி உரிப்பது? இது போதாதென்று, கோடைக் கணக்கில் வெற்றுப் பாத்தி என்றே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடாவிட்டால் பணிநீட்டிப்பு கிடையாது என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் பதிவேட்டில் புல் விரித்த தேதியை எழுதி, யார் உத்தரவு என்பதையும் எழுதிவிட்டு வந்தேன். உனக்கு எதுக்குடி இந்த வீம்பு என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் பயம்தான். முப்பத்தொரு வருடம் போன இடம் இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வேன்? ஆனால் அந்த ஒரு பொய்யை எழுதினால், ஆறு வருடக் கணக்கில் ஒரு வரியைக்கூட எவரும் நம்ப வேண்டியதில்லை.

நேற்று என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். காரணத்தை எழுதிக் கொடுங்க, போயிடறேன் என்றேன். பேனாவைத் திறந்தார், மூடி வைத்துவிட்டார். எழுதித் தராத நீக்கம் நீக்கமே இல்லை, அதனால் இன்று எட்டரைக்கே போய், புல்லை உரித்துப் போட்டுவிட்டு, புதுப் பதிவேட்டில் வெற்றுப் பாத்தி, முதல் வருடம் என்று எழுதி வைத்தேன்.

மருமகளும் நீயும் நிமிர்ந்த முதுகோடு நெடுநாள் வாழுங்கள். இங்கே கோடை என்றால் அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
நகக்கண் எல்லாம் மண்ணோடு,
உன் அம்மா