ஒன்பதாம் தேதி பஸ் இல்லை

மோந்தெலுப்போ,
ஆகஸ்ட் கடைசி வாரம்.

அன்பு மகள் லோரெத்தாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே தக்காளி நலம், கோழிகள் நலம், நானும் நலம். உன் அப்பாவைப் பற்றி நீ கேட்பதில்லை. அதனால் அவரைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மெல்போர்னில் குளிர் விட்டதா?

வாராவாரம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் சமையலறையில் இருக்கிறது. மணி அடித்தால் உன் அப்பா எழுந்து பக்கத்திலுள்ள வீட்டு நடைக்குப் போய்விடுகிறார். போகிறாரே தவிர, கதவைச் சாத்துவதில்லை. அந்தத் திறந்த கதவை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேச? நீயும் சளைத்தவள் இல்லை. பிடிக்காத பேச்சை ஆரம்பித்தால் "அம்மா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

நீ போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட உன் பயணத் திட்டம் சர்க்கரை டப்பாவின் அடியில் இருக்கிறது. போலோஞ்ஞா, ஃபயென்ஸா, ரிமினி, உர்பீனோ, கூப்பியோ, அசிசி. தனியாக, காரில்லாமல், ரயிலிலும் பஸ்ஸிலும், சாவகாசமாக. "இத்தனை வருஷம் க்ரெய்க் ஓட்டின காருல பக்கத்து சீட்டுல உக்காந்து, அவன் நிறுத்தின இடத்துலதான் இறங்கினேன். இனி என் இஷ்டத்துக்கு ஜன்னலோரம் உக்காரப் போறேன்" என்றாய். உட்காரு கண்ணு. அதைக் கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் நீ இந்த நாட்டை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். ரயிலில் ஏறுமுன் பிளாட்பாரத்தில் உள்ள இயந்திரத்தில் டிக்கெட்டைக் குத்திவிட்டு ஏறு. மறந்தால் பரிசோதகர் உன் ஆஸ்திரேலியச் சிரிப்புக்கெல்லாம் மயங்க மாட்டார். பஸ் டிக்கெட் டிரைவரிடம் கிடைக்காது, புகையிலைக் கடையில் காலையிலேயே வாங்கி வை. மதியம் கடைக்காரன் சாப்பிட்டுத் தூங்கப் போனால் போனவன்தான். வேலைநிறுத்தம் என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வைப்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை சாப்பாடு நன்றாக இருக்கும் ஊரில் இரு. அதற்கு ஃபயென்ஸா சரி. ரிமினியில் அக்டோபரில் என்ன செய்யப் போகிறாய்? கடற்கரையில் மடக்கி வைத்த குடைகளை எண்ணப் போகிறாயா?

கொஞ்சம் எழுந்து போகவேண்டியதாகிவிட்டது. உன் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். கடிதத்தை மாவுப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, இல்லாத மாவைப் பிசைகிற மாதிரி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் இப்போதைக்கு எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வழியை விரலால் தொட்டுப் பார்த்தேன். ரோட்டில் பள்ளத்தைக் கண்ட சைக்கிள் மாதிரி நம் ஊரை மட்டும் வளைத்துக்கொண்டு போகிறது. எனக்கு உர்பீனோவில் ஒரு மதியச் சாப்பாடு. அதுவும் "தனியா வாம்மா" என்று சொல்லிவிட்டாய். வருகிறேன். பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, பெற்ற மகளைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வருகிறேன். எனக்கு வலிக்கிறது லோரெத்தா. அதை மறைத்து எழுத எனக்கு வயதில்லை.

அவர் அன்றைக்குச் சொன்னது தப்புதான். கல்யாணம் முறிந்து அழுதுகொண்டு போன் செய்த பெண்ணிடம் "நான் அப்பவே சொன்னேனே" என்று எந்த அப்பனாவது சொல்வானா? அவர் க்ரெய்க்கை எடை போட்டதே ஒரு விசித்திரம். வாடகைக் காரில் வந்த மாப்பிள்ளை நம் ஊர் மேட்டு வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினான் என்று அன்று ராத்திரியே சொன்னார். "எதிர்ல ஆள் இருக்கானான்னு கேக்காம திரும்பறவன் வீட்டுலயும் யாரையும் கேக்க மாட்டான்." ஆயுசு பூரா அந்த மலை ரோட்டில் பஸ் ஓட்டியவருக்கு மனுஷனை அளக்க வேறு கோல் தெரியாது. அது பலித்துத் தொலைத்ததுதான் கஷ்டம். நீயும் "இனிமே உங்க குரலே எனக்குக் கேக்க வேண்டாம்" என்று சொல்லி வைத்தாய். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி.

இப்போது உன் திட்டத்தில் உள்ள பிழை. அக்டோபர் ஒன்பதாம் தேதி உர்பீனோவிலிருந்து நம் பக்கத்து ஊர் காஸ்தெல்ரோவெரேவுக்கு வந்து, அங்கே ஒரு மணி பஸ் பிடித்துக் கூப்பியோ போவதாகச் சொன்னாய். ஒன்பதாம் தேதி என்ன நாள் என்று யோசித்துப் பார். உனக்கு வருஷா வருஷம் வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டுக் கூட்டிப்போவேனே, பட்டாசுக்குப் பயந்து என் பாவாடைக்குள் ஒளிவாயே, அதே நாள்தான். காஸ்தெல்ரோவெரே ஊரின் காவல் புனிதர் சான் தொன்னீனோவின் திருநாள். மற்ற ஊருக்கு அது வேலை நாள். ஆகவே உர்பீனோ பஸ் உன்னை ஒழுங்காகக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆனால் அங்கிருந்து கிளம்பும் பஸ்களுக்குப் பண்டிகை அட்டவணை. சாயங்காலம் வரை ஒன்றும் நகராது. நீ பார்த்த இணையத்துக்கு சான் தொன்னீனோவைத் தெரியாது. உனக்கும் மறந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ தேதி சொன்னபோதே எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால் அந்த நாளில் உன் அப்பா எங்கே இருப்பார் என்று உனக்கே தெரியும். பஸ் நிலையத்து பார் வாசல் பெஞ்சில், பழைய டிரைவர்களோடு, கையில் பன்றி வறுவல் வைத்த ரொட்டியோடு. காய்ச்சல் இருந்தாலும் போவார். நீ பஸ்ஸை விட்டு இறங்குவாய், நேர் எதிரில் அவர். போக வழியில்லை, பஸ்ஸும் இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால் மிச்சம் தானாக நடக்கும் என்று கணக்குப் போட்டேன். பல் டாக்டர் பொய்யைவிட இது நல்ல பொய்யாகத் தோன்றியது. கடிதத்தில் டிக்கெட், புகையிலைக் கடை என்று எதையாவது எழுதி அனுப்பிவிட்டுக் கமுக்கமாக இருந்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் இரண்டு பேர் சண்டை வரை எழுதிவிட்டு, இரண்டு நாள் கடிதத்தை அப்படியே வைத்திருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். அர்மிதா எதிரே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, உன்னைத் தூக்கி வளர்த்தவள். அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று சிரித்தாள். அவர் அவளைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு தலையசைப்புகூட இல்லை. அவளுக்கு வந்ததே கோபம்! "என்ன குவின்தோ, நான் என்ன தூணா? கடன்காரியா? பாத்தும் பாக்காத மாதிரி போறீங்க?" என்று ஊர் கேட்கக் கத்தினாள். குரலைக் கேட்டதும்தான் அவர் திரும்பினார். "அட, அர்மிதா! ஏதோ யோசனையில இருந்துட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சமாளித்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தெருவில் என் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை.

 அர்மிதா நின்ற இடத்தில் உன்னை வைத்துப் பார்த்தேன். பெட்டியோடு இறங்கி நீ அவர் எதிரே நிற்கிறாய். அவர் உன் பக்கம் திரும்புகிறார். உன் மேல் பார்வை ஓடுகிறது, நிற்காமல் போய்விடுகிறது. நீ என்ன நினைப்பாய்? இத்தனை பேர் நடுவில் என்னைக் கண்டும் காணாதவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைப்பாய். அப்புறம் இந்த ஜென்மத்தில் நீ திரும்பி வரமாட்டாய். அதற்கு நான் காரணமாக இருப்பேன்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, லோரெத்தா. போன வசந்த காலத்திலிருந்து. தெரிந்திருந்தும், கணக்குப் போட்டபோது எனக்கு அது உறைக்கவில்லை. நடுப்பார்வைதான் போகிறது, ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. கதவு தெரியும், கதவில் நிற்கிற ஆளின் முகம் தெரியாது. அங்கோனாவில் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கார் கொட்டகையில் துணி போர்த்திக் கிடக்கிறது. பெட்ரோல் விலை ஏறிப்போச்சு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சீட்டாட்டம் சலித்துவிட்டதாம். பஸ் போனால் ஜன்னலில் நின்று சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்கிறார், நானும் ஆமாம் என்கிறேன். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "பாவம்னு பரிதாபப்பட்டு அவ வரவேணாம்" என்றார். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. நேற்று நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் நடையிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். எதையும் குறிப்பிடாத குரலில் கேட்டார்: "ஒன்பதாம் தேதி காஸ்தெல்ரோவெரேல ஒரு மணி பஸ் கிடையாதுன்னு யாருகிட்டயாவது சொல்லணும்னு இருந்தா, சொல்லிடு எர்சிலியா."

 நீ சொன்ன ஊர்களையும் தேதிகளையும் நான் போனில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன் அல்லவா? அந்தத் திறந்த கதவு! "யாருக்குச் சொல்லச் சொல்றீங்க?" என்றேன். "யாருக்குன்னு நான் கேக்கல. வெயில்ல பெட்டிய வெச்சுக்கிட்டு நிக்கப்போவுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ அங்கே வந்து இறங்குவது அவருக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் நீ அங்கேயே மாட்டிக்கொள்வாய் என்பதும் தெரியும். நான் போட்ட கணக்கை அவரும் போட்டிருப்பார். போட்டுவிட்டு, சொல்லிவிடு என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது, நீயே சொல்.

ஆகவே சொல்லிவிட்டேன். எட்டாம் தேதியே கிளம்பினால் ஒரு மணி பஸ் உண்டு. யாரையும் பார்க்காமல் கூப்பியோ போய்ச் சேரலாம். அப்படிச் செய்தாலும் நீ என் மகள்தான். உர்பீனோவுக்கு நான் வருவேன். பொரித்த ஆலிவ் எடுத்து வருவேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்பதாம் தேதி வருவதாக இருந்தால், இதை மட்டும் கேள். அவர் பெஞ்சின் இடது ஓரத்தில் இருப்பார், பழைய நீலக் கோட்டில். எதிரே போய் நின்று, அவர் பார்க்கட்டும் என்று காத்திருக்காதே. பக்கத்தில் போய் உட்கார். மன்னிப்பு, அழுகை ஒன்றும் வேண்டாம். அந்த டிரைவர்கள் முன்னால் அவரால் தாங்க முடியாது. கண்ணைப் பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. கூப்பியோவுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும், உன் குரலில், கேட்டுவிடு. பதில் அவருக்குத் தெரியும்.

நான் அந்நேரம் பன்றி வறுவல் வரிசையில் நிற்பேன். மூன்று பேருக்கு வாங்குவேன். மிஞ்சினால் அர்மிதா இருக்கிறாள், வீணாகாது.

டிக்கெட்டைக் குத்த மறக்காதே. ஜன்னலோரம் உட்கார். போகிற ஊரெல்லாம் மாதா உன் கூடவே வரட்டும்.

வாயைத் திறந்து கேள், கண்ணு. நீ பேசினால்தான் அவருக்கு நீ வந்தது தெரியும்.

உன் வரவை நினைத்தபடி,
அம்மா எர்சிலியா