ஆரஞ்சு நூலில் மூன்று தையல்

சாண்டஸ்கி, ஒஹாயோ
ஜூலை 9

மதிப்பிற்குரிய திரு. வெஸ் கால்டர் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கேட்டு நான் எழுதவில்லை. இந்த உறைக்குள் பந்தோ படமோ கிடையாது. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட வேறு யாராவது மணியடிக்கட்டும் என்று காத்திருக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாகப் பாதித் தூக்கத்தில் எழுந்து சிரித்துக்கொண்டு, இந்தக் கடிதத்தை ஏழு முறை கிழித்துப் போட்டு எட்டாவது முறையாக எழுதுகிறேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும்.

என் பெயர் பெர்னடெட் ஹுடாக். வயது இருபத்து நான்கு. மே மாதம் டோலிடோவில் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்துக்கொண்டே சனிக்கிழமைகளில் ரோண்டா பிக்கெட் என்கிற பெண்மணியின் கடையில் வேலை பார்த்தேன். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டு விற்கிற கடை. பட்டம் வாங்கிய மறுநாள் ரோண்டா என் கையில் ஒரு புது பாக்கெட்டைத் திணித்தார். "பூங்கொத்து குடுக்கறதெல்லாம் எனக்கு வராது பொண்ணே. இந்தா, பிரிச்சுக்கோ. உள்ள ஒண்ணும் இருக்காது, இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்றார்.

ஆறாவது கார்டு தடிமனாக இருந்தது. அதில் நீங்கள் இருந்தீர்கள்! பெரிய அணிக்கு நீங்கள் போன பிறகு எடுத்த படம் அல்ல. இருபத்தொரு வயதில், எங்கள் ஊர் ஹெரான்ஸ் அணியின் நீலத் தொப்பியோடு எடுத்தது. படத்துக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் ஒரு துண்டுத் துணி. "களத்தில் அணிந்த சட்டையிலிருந்து" என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது.

இந்த மாதிரித் துண்டுகளை ரோண்டா விற்பாரே தவிர நம்ப மாட்டார். "பின்பக்கத்தைப் படி" என்றார். படித்தேன். உள்ளே இருக்கும் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையும், எந்தக் குறிப்பிட்ட ஆண்டையும் சேர்ந்தது அல்ல என்று எறும்பு அளவு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். "அப்போ எதைச் சேர்ந்ததுன்னு கேளு! என் வீட்டு ஜன்னல் திரைகூட எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையும் சேர்ந்ததில்லதான்" என்று சொல்லி அவர் சிரித்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் மில்ட் தினமும் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். அவர் தன் பங்குக்கு, "கால்டர் பேர்ல வந்த துண்டையெல்லாம் ஒண்ணா சேர்த்துத் தைச்சா சர்க்கஸ் கூடாரமே போடலாம், உள்ள யானையும் நிக்கும்" என்றார்.

நானும் சிரித்தேன். பிறகு கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஒரு கிழிசல். அதன் குறுக்கே ஆரஞ்சு நூலில் மூன்று தையல். நடுவில் ஒரு முடிச்சு.

அந்தத் தையலை எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை, பத்து வயதிலிருந்து காதால் கேட்டிருக்கிறேன்.

சிரில் ஹுடாக் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, ஹெரான்ஸின் உடை மாற்றும் அறையில் துணி துவைத்த பெரிய மீசைக்காரரை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் அவரை 'சோப்பு' என்று கூப்பிடுவீர்களாம். அவருடைய மகள் நான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தை அப்பா எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நீங்கள் இரண்டு பந்துகளை மைதானத்துக்கு வெளியே அடித்திருந்தீர்கள். ஐந்தாவது சுற்றில் மூன்றாம் தளத்துக்குச் சறுக்கிக்கொண்டு போனபோது வலது தோளில் சட்டை கிழிந்தது. அப்பா மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "கழட்ட மாட்டேன் சோப்பு. கழட்டினா ராசி போயிடும். போட்டபடியே தை" என்றீர்களாம். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. சலவைப் பைகளில் பெயர்ச்சீட்டு தைக்கிற ஆரஞ்சு நூல்தான் கையில் இருந்தது. அப்பா அதில் ஒரு துண்டை அறுத்து முதலில் உங்கள் வாயில் வைத்தார். உடம்பில் போட்டிருக்கும் துணியைத் தைத்தால் போட்டிருப்பவர் ஒரு நூலைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் ஸ்லோவாக் வீடுகளின் வழக்கம். "கடிங்க தம்பி. இல்லேன்னா உங்க ஞாபகத்தையும் சேர்த்துத் தைச்சிடுவேன்" என்றாராம். அணியே விழுந்து விழுந்து சிரித்ததாம். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் கடித்தீர்கள். ஊசி தோளில் குத்தியதும் நூலோடு சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையையும் கடித்துத் துப்பினீர்களாம். அதை அப்பா எங்களிடம் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னபோது ஒட்டுக்கேட்டேன். மூன்றாவது பந்தும் மைதானத்துக்கு வெளியே போனது!

அந்தச் சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மைதான வாசலில் வைக்கப்போகிறோம் என்று அணி நிர்வாகம் அறிவித்தது. சாயங்காலம் பார்த்தால் சலவைப் பையில் சட்டை இல்லை.

இதற்கு மேல் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதனால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "பையன் கழட்டவே இல்லீங்க. மேல கோட்டைப் போட்டுக்கிட்டு அப்படியே கார்ல ஏறிட்டான். பெரிய அணியிலேர்ந்து கூப்பிட்டுட்டாங்க, அந்த அவசரம்" என்றார் அப்பா. மறுநாள் மேலாளர் உங்களுக்குப் போன் செய்தார். சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டதாக நீங்கள் சொன்னீர்கள் என்று அவர் சொன்னார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்த வாரமே அப்பாவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவர் மருத்துவமனை சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'சட்டைத் திருடன் பொண்ணு' என்று பெயர். என்னை நோகடிக்க வேண்டும் என்றுகூட யாரும் நினைத்ததில்லை, சும்மா அடையாளத்துக்குத்தான். நான் வாய் திறக்காத பெண்ணாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

குறை சொல்ல இதை எழுதவில்லை. தயவுசெய்து தொடர்ந்து படியுங்கள். சந்தோஷமான இடம் இனிமேல்தான் வருகிறது.

கார்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அவரைப் போல இந்தத் துண்டுகளை நம்பாதவர் இந்த ஊரிலேயே கிடையாது. காரணம் உண்டு. "களத்தில் அணிந்தது" என்று விற்பதற்காகப் புதுச் சட்டைகளில் சேற்றைத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லி மேலாளர் ஒருமுறை எட்டுச் சட்டைகளை அவரிடம் கொடுத்திருக்கிறார். "நானே தேய்ச்சேன் பெர்னி. முழங்கையில கொஞ்சம், வயித்துல கொஞ்சம். ஒரிஜினலை விட ஒரிஜினலா இருந்துச்சு" என்பார். அதனால் கார்டைக் கையில் வாங்கும்போதே, "டவல் துணி" என்றார்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.

"டவல் துணிதான். யார்கிட்டயும் காட்டாதே" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏன்னா? இது நிஜம்னு ஆச்சுன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க? பாத்தியா, சிரில் சட்டையைத் திருடி கார்டுக்குத் துணி வெட்டறவன்கிட்ட வித்துட்டான், அதான் துண்டு துண்டா வெளிய வருதும்பாங்க. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

கார்டு இப்போது சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அவர்தான் ஒளித்து வைத்தார். டவல் துணியை யாராவது ஒளித்து வைப்பார்களா?

ரோண்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் இத்தனை வார்த்தைகளை நான் ஒரே மூச்சில் பேசியதில்லை. அவர் கேட்டுவிட்டு, "உங்கப்பா தையலுக்கு இந்தத் துணி சாட்சி. இந்தத் துணிக்கு உங்கப்பா சாட்சி. ரெண்டு குடிகாரங்க ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் சாஞ்சு நடக்கற மாதிரி இருக்கு பொண்ணே. மூணாவதா நிதானமா ஒரு ஆள் வேணும்" என்றார். கார்டு தயாரிக்கும் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். கார்டின் எண்ணைக் கொடுத்து, இந்தச் சட்டை உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன். பதில் வராது என்று மில்ட் அடித்துச் சொன்னார்.

ஜூன் பதினெட்டாம் தேதி பதில் வந்தது! கடையில் வைத்துத்தான் பிரித்தேன். வழக்கமான நன்றிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி: இந்தச் சட்டை ஆட்டக்காரரின் சொந்தச் சேகரிப்பிலிருந்து அவராலேயே நேரடியாக எங்களுக்குத் தரப்பட்டது.

நான் கத்தினேன். நான்! கடைக்கு வந்திருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தார்கள். ரோண்டா கடிதத்தை வாங்கி மூன்று தடவை படித்துவிட்டு, "இருபது வருஷமா வித்துக்கிட்டு இருக்கேன். நிஜமான துண்டை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். மில்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நானும் உங்கப்பனை அப்படித்தான் நெனைச்சேன் குழந்தே" என்று மட்டும் சொன்னார்.

திரு. கால்டர், நீங்கள் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போனதில் எனக்குத் தப்பே தெரியவில்லை. மூன்று பந்துகளை வெளியே அனுப்பிய சட்டையை எந்தப் பையன் கழற்றுவான்? புது அணியில் முதல் நாள், போனில் பழைய மேலாளர், அணியின் சொத்து எங்கே என்று அதட்டுகிறார். இருபத்தொரு வயதில் நானாக இருந்தாலும் பையில் போட்டுவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு சின்ன பொய், அது யார் தலையில் போய் விழும் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிறகு தெரிய வந்ததா என்று நான் கேட்கவில்லை.

நிறுவனத்தின் கடிதத்தை நான் இன்னும் அப்பாவிடம் காட்டவில்லை. ஊர் வாயை அடைக்க அது போதும், ரோண்டா அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டத் துடிக்கிறார். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அச்சடித்த ஒரு வரி அப்பாவைத் திருடன் ஆக்கவில்லை. ஒருவர் வாயால் சொன்னதுதான் ஆக்கியது.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நீங்கள் இங்கே வருகிறீர்கள், மைதானத்துக்கு உங்கள் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அப்பா அன்றைக்குக் காலையிலிருந்து மாலை வரை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். மருத்துவமனையில் நான் பேசிவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு அவரை விட்டுவிடுவார்கள். ஏதாவது சொல்லி மைதானத்தின் பின்பக்கம், மூன்றாம் தளத்தை ஒட்டிய பழைய சலவைக் கதவு வரைக்கும் அவரைக் கூட்டி வந்துவிடுவேன். அதற்கு உள்ளே அவர் வர மாட்டார்.

இவ்வளவு நேரம் இதைக் கேட்கத்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். மைக்கில் எதுவும் சொல்ல வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் வேண்டாம். விழா தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து, "சோப்பு, சட்டையை நான்தான் போட்டுக்கிட்டுப் போனேன்" என்று அவரிடம் ஒரு தடவை சொல்லுங்கள். அவர் உங்களை நூலைக் கடிக்க வைத்துத்தான் தைத்தார், உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டரை மணிக்குக் கதவுக்கு வெளியே நிற்போம். வாருங்கள்.

பணிவுடன்,
பெர்னடெட் ஹுடாக்