அறுபதைத் தாண்டிய எண்கள்

தூத்துக்குடி
சனிக்கிழமை, காலை 7.10

மட்டுறுத்துநர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நான் உங்கள் இணையக் குழுவில் கேட்ட கேள்வியை நீக்கிவிட்டீர்கள். யார், எந்த ஊர், எதற்காக நிரல் எழுதுகிறேன் என்று முதலில் அறிமுகப் பகுதியில் முந்நூறு சொல் எழுதினால்தான் உதவ முடியும் என்று பதில் வந்தது. எனக்கு இது நேர விரயமாகத் தெரிகிறது. பிழை என்பது யார் எழுதினாலும் பிழைதான். இருந்தாலும் இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் பாஸ்கல். பி.டெக். ஐ.டி., மூன்றாம் ஆண்டு. வகுப்பில் சொல்லித்தருவது போதாது, யூடியூப் பார்த்துத்தான் படித்தேன். வேலை தேடி உங்கள் குழுவில் சேரவில்லை. 'வணக்கம் நண்பர்களே, நான் புதியவன்' என்று எழுதிப் பூப்படம் போடும் ஆளும் இல்லை.

எனக்கு ஒரு அண்ணன், ரோச். சங்கு குளிக்கிறவன். வள்ளத்தில் போய், கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஏழெட்டுப் பாகம், அதாவது நாற்பதடிக்கு மேல், கீழே இறங்கிச் சங்கு பொறுக்குவான். சங்கு கண்ட இடத்தில் கிடைக்காது. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைச் சுற்றித்தான் கிடக்கும். அதைப் பார் என்போம். ஒன்பது வருஷமாகத் தான் கண்டுபிடித்த பார்களின் இடத்தையெல்லாம் வள்ளத்து ஜி.பி.எஸ். பெட்டியில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். சொந்த மச்சானுக்குக்கூட அந்த நோட்டைக் காட்ட மாட்டான். இங்கே யாரும் காட்ட மாட்டார்கள். அதனால்தான் நேற்று நிரலை மட்டும் போட்டேன், எண்களைப் போடவில்லை. 'மாதிரித் தரவு இல்லாமல் எப்படிப் பார்ப்பது' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

போன மாதம் உப்புத் தண்ணீர் ஏறி அந்தப் பெட்டி செத்துப்போனது. புதிது வாங்காதே, ஃபோனே போதும் என்று சொல்லி நான் ஒரு ஆப் செய்துகொடுத்தேன். சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். நோட்டில் உள்ள எண்களை வரைபடத்துக்கு ஏற்றபடி மாற்றிப் புள்ளியாகக் காட்டும். கப்பல் வரும் பாதையின் ஓரத்தையும் அவன் நோட்டில் குறித்திருந்தான். அதைச் சிவப்புக் கோடாகப் போட்டேன். வள்ளம் அதை நெருங்கினால் ஃபோன் அலறும். எண்ணை மாற்றும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி உங்கள் குழுவின் நிரல் களஞ்சியத்தில் ஏற்றியிருக்கிறேன். மூன்று பேர் எடுத்திருப்பதாக எண்ணிக்கை காட்டுகிறது. அப்படியென்றால் அது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்.

சிக்கல் இதுதான். வியாழக்கிழமை ரோச் திரும்பி வந்து, வள்ளத்து ஆட்கள் முன்னாலேயே ஃபோனை என் கையில் திணித்தான். "ஏலே, நீ காட்டுத எடத்துல பாரே இல்ல. கீழ கால வச்சா முட்டளவு சேறு" என்றான். மூன்று தடவை இறங்கியும் ஒரு சங்கு இல்லையாம். மேலே பறக்கும் சாட்டிலைட்டுக்கு உன் மேல் என்ன பகை, பொய் சொல்ல, என்று கேட்டேன். எண்களை எழுதின லட்சணம் அப்படி என்றும் சொன்னேன். உண்மையும் அதுதான். டிகிரி, நிமிடம், வினாடி என்று மூன்று எண் எழுதியிருக்கிறான். வினாடி அறுபதைத் தாண்டாது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இவன் இருபத்தேழு இடத்தில் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று எழுதி வைத்திருக்கிறான். அத்தனையையும் நான்தான் ஒழுங்கு செய்து, மிச்சத்தை அடுத்த நிமிடத்தில் சேர்த்தேன். ஒன்பதாங் கிளாஸோடு நின்றவன் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அவன் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டான்.

இன்று விடியற்காலை அதே இடத்துக்கு, அதே ஆப்போடு மறுபடி போயிருக்கிறான். ஒரே மூட்டம், மாடியில் நின்றால் லைட்ஹவுஸ்கூடத் தெரியவில்லை. கரை தெரியாவிட்டால் ஃபோனைத்தான் நம்பியாக வேண்டும்.

கேள்வி: வரைபட அடுக்கில் இப்படி இடம் பிசகுவதற்கு என்ன காரணம் இருக்கலாம்? என் கணக்கில் தவறில்லை, நூறு முறை பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
பாஸ்கல்
பி.டெக். ஐ.டி., மூன்றாம் ஆண்டு

*

மீன்பிடித் துறைமுகம்
சனிக்கிழமை, காலை 10.50

ஷெர்லி அக்கா,

மட்டுறுத்துநர் நீங்கள்தான் என்று தெரிந்ததும் உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். சொந்த ஊர் நாசரேத், இப்போது மெல்போர்ன் என்று போட்டிருக்கிறது. அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே வரி. அந்தப் பெட்டி நிமிடத்தை அறுபதாகப் பிரிக்கிறதா, நூறாகவா? ஒன்பதே முக்காலுக்குப் பார்த்தேன். எரிச்சலோடுதான் பரண்மேல் கிடந்த பெட்டியின் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். நூறாகத்தான் பிரிக்கிறது. அவன் எழுதியது வினாடியே இல்லை. தொண்ணூறு என்றால் நிமிடத்தில் நூற்றில் தொண்ணூறு பங்கு. பெட்டியில் என்ன தெரிந்ததோ அதை ஓர் இலக்கம் பிசகாமல் எழுதியிருக்கிறான்.

தாளில் கணக்குப் போட்டேன். இன்று அவன் போன இடம், அசல் பாரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அது கப்பல் வரும் பாதை. சிவப்புக் கோட்டையும் அதே கணக்கில்தான் போட்டேன், அதுவும் சேர்ந்து வடக்கே போயிருக்கிறது. ஃபோன் அலறாது. வியாழக்கிழமை அவன் காலில் பட்ட சேறு பாரில் இருக்காது. அவன் சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் ஃபோன் எல்லைக்கு வெளியே என்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து பைக்கில் இங்கே வந்தேன். அண்ணன் மனைவி சுஜிதா மைனி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டது. மீனவர் சங்கக் கட்டடத்தில் வயர்லெஸ் இருக்கிறது, ரோச் போன வள்ளத்தில் இல்லை. அதைப் பார்ப்பவர் தேவமணி அண்ணாச்சி. விஷயத்தைச் சொன்னேன். இடத்தைச் சொல்லு, வயர்லெஸ் உள்ள எல்லா வள்ளத்துக்கும் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றார்.

நான் இரண்டு இடம் சொன்னேன். ரெண்டு சொன்னா எங்கன போய்த் தேட என்று கத்தினார். இரண்டையும்தான் சொல்ல முடியும் அக்கா. அவன் என்னை நம்பியிருந்தால் முதல் இடத்தில் இருப்பான். தன்னை நம்பியிருந்தால், சேற்றைப் பார்த்ததும் தெற்கே நகர்ந்து அசல் பாருக்கே போயிருப்பான். எது என்று எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மைனியைப் பார்த்தார். ரெண்டாவது இடத்தை இதில் சொன்னால் இந்தக் கடலில் இருக்கிற அத்தனை பேரும் எழுதிக்கொள்வார்கள், நாளைக்கு அந்தப் பார் உங்களுடையது இல்லை, யோசித்துக்கொள் என்றார். மைனி யோசிக்கவில்லை. "சொல்லுங்க அண்ணாச்சி. பாரு எங்கன போச்சுன்னா எனக்கென்ன, மனுசன் வரட்டும்" என்றது. நோட்டைப் பிரித்து நான்தான் வாசித்தேன். அவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொன்னார்.

நிலக்கரிக் கப்பல் ஒன்று ஏற்கெனவே உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவ்வளவு பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. வள்ளத்தில் இருப்பவர்களுக்காவது கப்பல் கண்ணில் படும். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. குழாயும் கயிறும்தான் அவனுக்கு.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மைனி சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை. கையில் ஃபோன் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம்.

பாஸ்கல்

*

அரசு மருத்துவமனை, தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஷெர்லி அக்காவுக்கு,

நலம்தானே. ஒன்பது தடவை 'என்ன ஆயிற்று' என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் போடாததற்கு மன்னியுங்கள்.

ரோச் உயிரோடு இருக்கிறான்.

தருவைகுளத்து ஸ்டெபின் என்பவருடைய போட் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வயர்லெஸில் கேட்டதும் நேராக முதல் இடத்துக்கு ஓட்டியிருக்கிறார். வள்ளம் அங்கேதான் நின்றது. மூட்டத்தில் கப்பலின் சத்தம் கேட்டதாம், எந்தப் பக்கம் என்று வள்ளத்தில் இருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆப்பில் சிவப்புக் கோடு தூரத்தில் இருக்கிறது, நமக்கு வராது என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஸ்டெபின் கத்தியதும் ரோச்சைக் கயிற்றோடு ஒரே இழுப்பாக இழுத்து, வள்ளத்தைத் தெற்கே விரட்டினார்கள். கப்பல் வளைந்து போனது. எவ்வளவு தூரத்தில் என்று ஸ்டெபின் சொன்னார். அதை நான் எழுதப் போவதில்லை.

ஆழத்திலிருந்து அப்படி ஒரே மூச்சில் மேலே வரக் கூடாது, ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிடும். அதுவும் காலையிலிருந்து நாலு தடவை இறங்கியவன். கரைக்கு வரும்போதே மூட்டெல்லாம் வலி. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உணர்ச்சி திரும்பலாம், கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். எத்தனை நாள் என்று நான் நாலு தடவை கேட்டுவிட்டேன். ஐந்தாவது தடவை என்னை வெளியே போகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது, நூறு, சிவப்புக் கோடு, வயர்லெஸில் பாரைச் சொன்னது வரை. கண்ணை மூடியபடியே கேட்டான். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். கடைசியில், "அப்ப நான் எழுதுனது சரிதானல?" என்றான்.

சரிதான் என்றேன்.

"அத ஒங்க மைனிட்ட சொல்லு. நாந்தான் தப்பா எழுதிட்டேன் போலன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போனேன்."

வெறும் சேறு என்று தெரிந்த பிறகும் ஏன் நாலு தடவை இறங்கினான் என்று கூடப் போன ஆட்களிடம் கேட்டேன். தம்பி கணக்குத் தப்பாகாது, பார் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கும், இன்னும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம் என்றானாம்.

இரண்டு இடம் வாசித்தேனே, அதில் முதலாவதில்தான் இருந்தான் அக்கா.

நேற்று ஏழு வள்ளம் அவனுடைய பாரில் நின்றதாம். நல்ல சங்கு என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துதான் இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான்.

இனி நான் எழுத வந்தது. எண்ணை மாற்றும் அந்தப் பகுதியை சனிக்கிழமை மத்தியானமே களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்பே மூன்று பேர் எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று பேரின் பக்கத்திலும் போய்ப் பார்த்தேன். ஒருவர் பெயரில் வெறும் எண்கள். ஒருவர் பூனைப் படம் வைத்திருக்கிறார். இன்னொருவர் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன், பதில் வரவில்லை. யார், எந்த ஊர், எதற்காக எடுத்தார்கள், எதுவும் தெரியாது. அறிமுகம் எழுதாமல் கேள்விதான் கேட்க முடியாது, எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்கள் குழுவின் விதி. சும்மா படிக்க எடுத்தவர்களாக இருக்கலாம். அல்லது காயல்பட்டினத்திலோ வேறெங்கோ, என்னைப் போல ஒருவன், அவனுடைய அண்ணன் எழுதிய எண்களை இப்போது அதில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைக் குழுவின் முதல் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். என் பெயரை மறைக்க வேண்டாம். கல்லூரியில் பார்த்தால் பார்க்கட்டும். அந்த மூன்று பேரும் தாங்கள் யார் என்று ஒரு வரியாவது எழுதும்வரை இதைக் கீழே இறக்காதீர்கள். முந்நூறு சொல் வேண்டாம். ஊர்ப் பெயரும், அவர்கள் வீட்டில் கடலுக்குப் போவது யார் என்பதும் போதும்.

நீங்கள் ஜெபிக்கிறவர் என்றால், ரோச் என்ற பெயரைச் சொல்லி இடது காலுக்காக ஜெபியுங்கள். எனக்காக எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரோச்சின் தம்பி
பாஸ்கல்