கறுப்புத் தாள் ஒட்டிய மாளிகை

ஆவணி 2, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு மாடியில். மோட்டார் ரிப்பேர், ஆள் வரவில்லை.

பல்லடத்திலிருந்து பெரியப்பா மகன் சண்முகம் அண்ணன் போன். குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்.

"பங்களாதேஷ் யுத்தத்தப்போ டில்லி ஜனாதிபதி மாளிகை எப்படி இருந்துச்சுன்னு நீதான் எழுதோணும் அம்மணி. ஹிஸ்டரி டீச்சரா இருந்தவ. உங்கப்பனை ஆபீசர்னு போட்டுரு."

ஆபீசராம்! அப்பா அங்கே சமையல்காரர். "அப்படியே போட்டாத்தான் எழுதுவனுங்கண்ணா. எம்பேரும் போடோணும்" என்றேன். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் குலம், வேறு கூட்டம், அவள் பேரை நம் மலரில் போடுகிற வழக்கமில்லை என்று இழுத்தார். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறாராம்.

ஆவணி 5, வியாழன்

இரண்டுக்கும் சம்மதமாம். ஜெயித்தாயிற்று. எழுத உட்கார்ந்தேன்.

அத்தனை பெரிய மாளிகை, குண்டு போட வரும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதிருக்கச் சன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள். மீந்ததை எங்கள் குவார்ட்டர்ஸ் சன்னலுக்கும் அப்பா ஒட்டினார். தோட்டத்தில் விளக்கு இல்லை. விருந்து இல்லை. அபாயச் சங்கு ஊதினால் கட்டிலுக்கடியில் நான், அம்மா, ஊறுகாய் ஜாடி.

அப்போதுதான் அப்பத்தா இறந்த தந்தி. ரயிலெல்லாம் பட்டாளத்துக்கு. அப்பா இரண்டு நாள் ஸ்டேஷனிலேயே நின்று, ஏற முடியாமல் திரும்பினார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். ஆத்தாளுக்குக் கொள்ளி வைக்க வேண்டியது இளைய மகன், அப்பா. வைத்தது பெரியப்பா. 'வரமாட்டேன்னுட்டான்' என்று ஊரில் அவர் கட்டிய கதை அப்பாவைச் சாகும்வரை விடவில்லை. அந்தக் கதையை ஒழிக்கத்தான் எழுதுகிறேன். மாளிகை ஒரு சாக்கு.

ஆவணி 11, புதன்

உக்கடம் பிரஸ். ப்ரூஃப். என் பேர் இருக்கிறதா, 'சமையல்காரர்' இருக்கிறதா, அது இரண்டும்தான் பார்த்தேன். இருந்தது.

"முழுசும் ஒருக்கா படிச்சுருங்க டீச்சர், கமிட்டில கொஞ்சம் கை வெச்சிருக்காங்க" என்றார் பிரஸ் நடத்தும் பாய். பிழை திருத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். சோப்பு வாங்க மறதி.

ஆவணி 19, வியாழன்

கும்பாபிஷேகம். நல்ல வெயில். மலர் கைக்கு வந்தது. கடைசிப் பத்தி நான் எழுதியதே இல்லை.

'நாட்டுப் பணியே பெரிதென்று, பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்கும் வர மறுத்த தியாகி.'

ஸ்டேஷன் இல்லை. அழுகை இல்லை. கீழே தடித்த எழுத்தில் என் பேர்.

சண்முகம் அண்ணனைத் தேடிப் பிடித்தேன். "ரெண்டு நாள் ஸ்டேஷன்ல நின்னாருங்கண்ணா!"

"ரயில் கெடைக்கலைன்னு போட்டா அதுல என்ன அம்மணி பெருமை? மறுத்துப்போட்டார்னாத்தான் எடுப்பா இருக்குது."

இவன் அப்பன் வாயில் சொன்னதை மகன் அச்சில் ஏற்றிவிட்டான். அதுவும் என் பேரில். பாவி.

பந்தியில் பக்கத்து இலை பெரியம்மா, அண்ணனின் அம்மா. பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"வரமாட்டேன்னு சொன்னதைச் சாகற வரைக்கும் உங்கப்பன் ஒத்துக்கவே இல்ல. நீயாவது ஒத்துக்கிட்டியே கண்ணு."