காலை நேர டாக்டர்

9 ஜனவரி 1961

குழந்தைகளின் நரம்பு, தசை நோய்களுக்கென்று தனியாகப் படித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அது எனக்கும் என் பெயர்ப்பலகைக்கும் மட்டும் தெரியும். ராமநாதபுரத்தில் மருந்தகம் திறந்த நாளிலிருந்து பூச்சி மருந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு பெரியவர் பல்லைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன்.

சென்னையிலிருந்து ஆசையாக வாங்கி வந்த புரோஸ்டிக்மின் ஊசி மருந்து பையிலேயே கிடக்கிறது. தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் ஓர் அபூர்வ நோய்க்கு உரியது. அந்த நோயோடு ஒரு குழந்தை வந்தால் போதும், மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதிவிடுவேன். தலைப்புகூட யோசித்தாயிற்று. நோயாளிதான் பாக்கி.

17 ஜனவரி

கீழக்கரையிலிருந்து சுலைகா என்ற அம்மாள் தன் மகளைக் கூட்டிவந்தார். காலிதா, ஒன்பது வயது.

"காலையில நல்லாத்தான் இருக்கா டாக்டர். பொழுது சாஞ்சு மகரிபு ஆச்சுன்னா கண்ணு சொருகுது, பேச்சு குழறுது. குர்ஆன் ஓதச் சொன்னா மூக்கால ஓதுறா. ஜின்னு தீண்டிருச்சுங்கறாக."

காலிதா கண்ணை அகல விரித்து என் ஸ்டெதாஸ்கோப்பின் விலையைக் கேட்டாள். கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். ஓடச் சொன்னேன், ஓடினாள். ஓதுவதற்குச் சோம்பல் என்று முடிவுகட்டி டானிக் எழுதிக் கொடுத்தேன். என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2 பிப்ரவரி

சுலைகா மறுபடி வந்தார், அதே காலை நேரம். பிள்ளை முதல் பஸ்ஸில் மடியிலேயே தூங்கி வந்து பளிச்சென்று நின்றாள்.

"கண் சொருகும்போது கூட்டி வாங்களேன்" என்றேன்.

"மகரிபு நேரத்துல பொம்பளப் புள்ளைய வெளிய கொண்டாரதா? ஜின்னு அலையுற நேரமுல்ல!"

எனக்கும் நல்லதாய்ப் போயிற்று. மதியத்தோடு மருந்தகத்தைச் சாத்திவிடுவேன். சாயங்காலம் நான் ஆராய்ச்சி செய்கிற நேரம்.

"அந்தப் பிள்ளை ரொம்ப இளைச்சுப்போச்சு" என்றாள் என் மனைவி நாகலெட்சுமி. டாக்டர் யார் என்று அவளைக் கேட்டேன்.

11 பிப்ரவரி

கட்டுரையின் முன்னுரையை மறுபடி திருத்தினேன். அருமையாக வந்திருக்கிறது.

24 பிப்ரவரி

நள்ளிரவு தாண்டிவிட்டது. எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலிதாவின் வாப்பா ஹமீது சுல்தான் கொழும்பிலிருந்து நோன்புக்கு ஊர் வந்திருக்கிறார். நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தார், போனேன். விருந்துக்குப் போனாலும் யாராவது நாக்கை நீட்டிக் காட்டுவார்கள் என்பதால் பையையும் எடுத்துப் போயிருந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கஞ்சி வந்தது. காலிதா வாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இமைகள் பாதி விழுந்து கிடந்தன. வடையை மெல்லுவதற்கே ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கஞ்சியை ஒரு வாய் விழுங்கினாள், மூக்கு வழியாக வந்தது. அப்புறம் இருமல். உதடு நீலம் பாய்ந்தது.

பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து சுலைகா அழுதார். "இதத்தானே சொன்னேன்! ரெண்டு தடவ வந்து சொன்னேனே!"

அட மடையா! சாயங்காலம்டா, சாயங்காலம்! ராத்திரி தூங்கினால் காலையில் தேறிவிடும், பொழுது சாயச் சாயக் களைத்துவிடும். நோயின் முதல் அடையாளமே அதுதானே? தினமும் கதவைச் சாத்திக்கொண்டு நீ படித்தது எதை? காத்துக் கிடந்த நோயாளி வந்து உட்கார்ந்தால் டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

பிள்ளையைச் சாய்த்துப் பிடித்துத் தொண்டையைத் துடைத்து, ஊசி போட்டேன். மூச்சுத் தசைகளும் களைத்துவிட்டால் அவ்வளவுதான். எந்தச் சாமியையும் கும்பிடாதவன், அந்த வீட்டாரோடு சேர்ந்து நானும் முணுமுணுத்தேன்.

இமை மெல்ல உயர்ந்தது. காலிதா சுற்றிலும் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "கஞ்சி ஆறிப்போச்சு."

ஹமீது சுல்தான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "ஜின்னு எறங்கிருச்சு!" என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல். ஜின் இல்லை, நோய் என்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

27 பிப்ரவரி

கொழும்பிலிருந்து மாத்திரை வரவழைக்க ஹமீது சுல்தான் ஏற்பாடு செய்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை, பகலில் ஓய்வு. முழுக்கக் குணமாகாது, மூச்சு முட்டினால் உடனே ஆள் அனுப்புங்கள் என்றேன்.

"மகரிபுக்குக் கூப்புட்டா வருவீகளா?" என்று கேட்டார் சுலைகா.

கேட்க வேண்டிய கேள்விதான். வருவேன் என்றேன்.

10 ஏப்ரல்

இப்போது சாயங்காலமும் மருந்தகம் உண்டு. ஜின் இறக்கும் டாக்டர் என்று பெயர் பரவிவிட்டது. சாயல்குடியிலிருந்து சோலையம்மாள் என்ற அம்மாள் கட்டுமஸ்தான மகனோடு வந்தார். "காட்டு வேலைக்குப் போகச் சொன்னாக் கண்ணு சொருகுதுய்யா. இவனுக்கும் அந்த ஊசிய ஒண்ணு போட்டு விடுங்க."

இந்தத் தடவை அவசரப்படவில்லை. பொழுது சாயும்வரை அவனை உட்கார வைத்துப் பார்த்தேன். சோம்பல்தான்.

6 செப்டம்பர்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஒரு நோயாளி போதாதாம்.

20 நவம்பர்

மூன்று நாளாகக் கீழக்கரையில் இருந்தேன். சளிக் காய்ச்சலில் காலிதாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. சுலைகாவும் நானும் மாறி மாறிச் சளியை எடுத்துக்கொண்டே இருந்தோம். பிழைத்தாள். வீட்டுக்கு வந்து நாகலெட்சுமி முன்னால் அழுதுவிட்டேன். டாக்டர் யார் என்று அவள் கேட்கவில்லை.

13 பிப்ரவரி 1962

நோன்பு திறக்க மறுபடி ஹமீது சுல்தான் வீட்டில். காலிதா மாத்திரை போட்டு, ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதையும் குடித்தாள். அப்புறம் வாய் ஓயவில்லை. தம்பியைத் திட்டினாள், ஓதிக் காட்டினாள், என் ஸ்டெதாஸ்கோப்புக்கு விலை பேசினாள். விளக்கு ஏற்றி வெகு நேரமாகியும் நிறுத்தவில்லை.

ஹமீது சுல்தான் காதைப் பொத்திக்கொண்டார். "டாக்டர், இவ வாய மூட ஏதாச்சும் ஊசி இருக்கா?"

இல்லை என்றேன். திரைக்குப் பின்னாலிருந்து எனக்கு இன்னொரு கிண்ணம் கஞ்சி வந்தது.