ஐந்தருவிக் கடையில் உன் படம்

அன்புள்ள புள்ளிக்காரி அக்காவுக்கு,

புள்ளியியல் அதிகாரி வேலையை விட்டுட்டு, கணக்கைப் படமா வரையுறேன்னு நீ சென்னைக்குப் போனதிலிருந்து அப்பா உன்கிட்டப் பேசுறதில்லை. நான் சும்மா இருப்பேனா? குற்றால அருவியில் என்றைக்கு எவ்வளவு தண்ணி விழுந்ததுன்னு வருசத்துக்கொரு கட்டமா நீ வரைந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, நம்ம எண்ணெய்க் கடைச் சுவரில் ஒட்டிட்டேன். "கம்பெனி காலண்டர்ப்பா" என்று ஒரு புளுகு.

குளிக்க வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். அப்பாவே விளக்குகிறார்: "நீலம் தண்ணி நல்லா விழுந்த நாளு. சிவப்பு குளிக்கத் தடை."

நேற்று ஒருத்தர், "யாரு வரைஞ்சது?" என்று கேட்டுவிட்டார். அப்பா படத்தின் மூலையில் இருந்த எண்ணெய்க்கறையைத் துண்டால் துடைத்தார். அங்கே உன் பெயர்! கிழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"எம் மக" என்றார்.

கேட்டவர் போனதும் அப்பா என்னிடம், "ஏட்டி, இந்த வருசக் கட்டம் ஏன் வெறுமனே கெடக்கு?" என்றார்.

"வரைஞ்சவ வந்து பார்த்தாத்தானே நிரப்புவா!"

இன்று காலையில், "அவளுக்கு எழுது. சாரல் விழுதுன்னு மட்டும் எழுது" என்றார்.

எழுதிட்டேன். சாரல் விழுது. உன் கட்டிலில் அடுக்கியிருந்த எண்ணெய் டின்களை அவரே இறக்கி வைத்ததை மட்டும் நான் எழுதவே இல்லை.

இப்படிக்கு,
வாலைச் சுருட்டாத உன் தங்கச்சி