தையல் போடாத கண்

ஒக்டோபர் 17, வியாழன். பதுளை.

வலது கண்ணில் புரை எடுத்துவிட்டார்கள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. "எந்திரிச்சு வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள் தாதி. நான் பத்து நாளைக்கு உடுப்புக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். எத்தனை தையல் என்று கேட்டேன். "தையலே இல்லைங்கம்மா. சின்னக் கீறல், தன்னால ஒட்டிக்கிரும்" என்று சிரித்தாள்.

அப்பாவுக்குப் புரை எடுத்தபோதும் தையல் போடவில்லை. நான் கான்வென்டில் படித்த காலம். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, மல்லாந்து அசையாமல் கிடத்தினார்கள். தேயிலை ஃபெக்டரியில் அவருடன் இருந்தவர்கள் வேலை முடிந்த கையோடு பார்க்க வந்தார்கள். உடுப்பெல்லாம் தேயிலைத் தூள். அப்பா ஒரே ஒரு தும்மல் தும்மினார். காயம் பிரிந்து அந்தக் கண் போய்விட்டது.

இன்று ஆட்டோவில் ஏறிய பிறகுதான் சீட்டுக்குப் பின்னால் தூள் மூட்டையைக் கண்டேன். அதை இறக்கச் சொன்னேன். "நம்ம தோட்டத்துத் தூளும்மா, வாசத்தைப் பாருங்க" என்றான் ஆட்டோக்காரச் செல்வம். அதற்குள் தும்மிவிட்டேன். "நூறாயுசு" என்றான் மடையன்.

தாதியைத் தொலைபேசியில் பிடித்தேன். "நல்லாத் தும்முங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறாள். அவள் அப்பாவின் கண்ணைப் பார்த்தவள் அல்ல.

கண்ணில் போட்ட கட்டை நாளைக் காலையில்தான் பிரிப்பார்கள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மேசை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன். கட்டுக்குள் ஏதோ சிவப்பாக வருகிறது, போகிறது. வெளிச்சம்தானே அது? இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.